8,280 ரூபாய் போனது: "அறிவியல் திரைப்பட முகாம்" நடத்துகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "மாணவர்களுக்கான அறிவியல் திரைப்பட முகாம்" என்று சொல்லிக்கொண்டு, கையில் ஒரு ஃபைலும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையுமாக ஆட்கள் சுற்றுகிறார்கள். என்னிடம் படிக்கும் 46 பிள்ளைகளுக்குத் தலைக்கு 180 ரூபாய் வீதம் 8,280 ரூபாயை வாங்கிக்கொண்டு பட்டை நாமம் போட்டுவிட்டார்கள். எப்படி ஏமாற்றினார்கள், நீங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விவரமாகவே சொல்கிறேன்.

குடியாத்தத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். தறி நெய்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். எல்லோரும் தமிழ்வழி. இந்த 180 ரூபாயை ஓர் அம்மா பத்து ரூபாய்த் தாள்களாகவே கொண்டுவந்து, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அந்தப் பணத்தைத்தான் சொல்கிறேன்.

வந்தவர் முப்பது வயதுக்காரர். மாதம் ஒரு படம், காட்பாடியில் குளிர்சாதன அரங்கு, தமிழ் ஒலி, படம் முடிந்ததும் காவலூர் வானாய்வகத்தில் பணியாற்றிய ஒருவரின் விளக்கவுரை, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, சான்றிதழ் என்று அடுக்கினார். காவலூர் என்ற பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை. ஜவ்வாது மலையில், நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இருக்கிற இடம். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை 1972இல் கண்டவர்களில் அங்கிருந்தவர்களும் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அங்கே வேலை பார்த்த ஒருவரின் வாயால் ஒரு மணி நேரம் கேட்டால் அதுவே போதும் என்று நினைத்தேன்.

அவர் நீட்டிய பட்டியலிலிருந்து படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ரோலண்ட் எம்மெரிக் இயக்கி 2022இல் வந்த 'மூன்ஃபால்'. நிலா தன் பாதையை விட்டு விலகிப் பூமியை நோக்கி வருகிற கதை. ஏறக்குறைய 14 கோடி டாலர் செலவழித்து எடுத்தார்கள். உலகம் முழுவதும் ஓடியும் 7 கோடி டாலர்கூடத் தேறவில்லை. விமர்சகர்கள் கிழித்தார்கள், பார்த்தவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். வகுப்பில் அப்போது ஈர்ப்பு விசை நடத்திக்கொண்டிருந்தேன். படத்தில் எங்கெல்லாம் தவறு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அதிகம் பிடிப்பவருக்கு ஒரு பேனா பரிசு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். நல்ல படத்தைவிட இந்த வேலைக்கு இப்படிப்பட்ட படம்தான் உதவும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

பணம் கொடுத்த அன்று நடந்ததை மறக்கவே முடியவில்லை. ரசீது எழுதும்போது "நன்கொடை" என்று எழுதினார். "கட்டணம் என்று எழுதுங்கள், இது நன்கொடை இல்லையே" என்றேன். பேனாவை மூடி வைத்தார். "சார், கட்டணம் என்று போட்டால் வரியும் சேர்த்து வாங்க வேண்டும், பிள்ளைகள் தலையில்தான் அது விழும். என் அப்பாவும் ஆசிரியர்தான் சார். உங்களிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்க எனக்கு மனம் வராது" என்றார். குரல் தழுதழுத்தது. பிறகு ஃபைலைத் திருப்பி, அரசுப் பள்ளி ஒன்றில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படம் பார்க்கிற புகைப்படத்தைக் காட்டினார். புறப்படும்போது பலகையில் நான் வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அலை ஏற்ற இறக்கமா சார்?" என்று வேறு கேட்டார். 8,280 ரூபாயும் கைமாறியது. அந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை ஊரில் எத்தனை பலகையைப் பார்த்துக் கேட்டிருப்பாரோ!

இனி அரங்கின் அழகைச் சொல்கிறேன். அது அரங்கே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முந்தின நாள் சாம்பார் வாடை போகவில்லை. சன்னல்களுக்குத் திரை கிடையாது. காலைப் பத்து மணி வெயில் நேராகச் சுவரில் விழுகிறது. அந்தச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, நாற்காலி மேல் ஒரு சின்னப் புரொஜெக்டரை வைத்து, அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். படத்தில் பாதி விண்வெளி இருட்டில் நடக்கிறது. வெயிலில் அந்த இருட்டு என்ன தெரியும்? சாம்பல் நிறத் துணிதான் தெரிந்தது. பணம் வாங்கிய ஆள் வரவில்லை. லேப்டாப்போடு ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

படம் ஓடத் தொடங்கியதும் ஆங்கிலம். "தமிழ் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "எனக்குக் கொடுத்த பென்டிரைவில் இதுதான் சார் இருக்கிறது" என்றான். கொஞ்ச நேரத்தில் திரையின் கீழ்ப்பக்கம் ஒரு மஞ்சள் பட்டை ஓடியது. சூதாட்டச் செயலி விளம்பரம்! முதல் முறை சேர்ந்தால் இத்தனை விழுக்காடு போனஸ் என்று எண்களும், தொடர்புகொள்ள ஒரு கைப்பேசி எண்ணும். இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிய பிரதிகளில் இப்படித்தான் ஓடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைத் திறந்து அந்த எண்களை மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டால், "கீழே ஓடுகிறதே சார், நிலா வருகிற வேகம்தானே?" என்றான். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

படம் மொத்தம் 130 நிமிடம். முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது மண்டப மேலாளர் வந்து விளக்கைப் போட்டார். மாலையில் வரவேற்பு இருக்கிறதாம், மேசை போட வேண்டுமாம். ஒரு மணி வரைக்கும்தான் வாடகை கட்டியிருக்கிறார்களாம். நிலா விழுந்ததா இல்லையா என்று தெரியாமலே 46 பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். காவலூர்க்காரர் என்று யாரும் வரவில்லை. சான்றிதழும் இல்லை. சிற்றுண்டி, இருவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

மீதிக் கதையைக் காட்பாடி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு நான் சொன்னேன். நிலா உள்ளே கூடாக இருக்கிறது, அதை யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று படத்தில் வருகிறது என்றதும், ஒரு பெண் "நிஜமாகவே காலியா சார்?" என்றாள். அந்தக் கூத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1969இல் அப்போலோ 12 குழுவினர் தங்கள் கலத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். அங்கே வைத்திருந்த நிலஅதிர்வு மானி ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிர்வைக் காட்டியது. மணி அடித்த மாதிரி என்று பேசப்பட்டதை வைத்துக்கொண்டு, மணி என்றால் உள்ளே காலிதானே என்று ஒரு கூட்டம் கதை கட்டிவிட்டது. ஈரமே இல்லாத, விரிசல் விட்ட பாறையில் அதிர்வு எளிதில் அடங்காது, அவ்வளவுதான். நிலாவின் சராசரி அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.34 கிராம்; காலிக் கூட்டுக்கு இது எங்கிருந்து வரும்? நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெருங்கவில்லை, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகித்தான் போகிறது. அப்போலோ 11இல் போனவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்து அளக்கிறார்கள். அப்படியே மிகவும் நெருங்கி வந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் பூமியின் ஈர்ப்பே அதைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். ரோஷ் எல்லை என்று பெயர். 2011இல் கடைசியாகப் பறந்து, அடுத்த ஆண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிற எண்டெவர் விண்ணோடத்தைப் படத்தில் இழுத்துவந்து கிளப்புகிறார்கள் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஓசியில் நடந்த அந்த வகுப்புக்குத்தான் 8,280 ரூபாய் அழுதோம்.

அடுத்தது பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. முதலில் ஃபோனை எடுத்தார். "டெக்னிக்கல் பிரச்சினை சார், பார்த்துச் செய்கிறேன்" என்றார். பிறகு "பணம் ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டது" என்றார். ஹெட் ஆபீஸ் எங்கே என்றால் சென்னை என்கிறார், இன்னொரு நாள் பெங்களூரு என்கிறார். வேலூரில் அவர்கள் அலுவலகம் என்று காட்டிய மாடிக்கு நேரிலேயே போனேன். மேசையில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "அடுத்த மாதப் படத்துக்கு உங்கள் பிள்ளைகளுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி போட்டுத் தருகிறோம் சார்" என்றார். எரிகிற வீட்டுக்காரனிடம் விறகுக்குத் தள்ளுபடி!

உச்சக்கட்டம் இனிமேல்தான். கடைசியாகப் பேசியபோது அந்த ஆள் சொன்னது: "படம் நன்றாக இல்லை என்றால் அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் சார்? உலகம் முழுக்கவே ஓடாத படம். நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்?" எப்படி மடக்குகிறார் பாருங்கள். நான் படத்தைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை. 14 கோடி டாலர் போட்டவர்களுக்கு அது திரும்பவில்லை என்றால் அது அவர்கள் பாடு. எங்கள் 8,280 ரூபாய் எம்மெரிக்கிடம் போகவில்லை. காட்பாடியில் செங்கல் மேல் புரொஜெக்டர் வைத்தவரிடம் போயிருக்கிறது. தமிழ் ஒலி இல்லை, அரங்கு இல்லை, பேச்சாளர் இல்லை, படத்தின் முடிவே இல்லை. இதில் இயக்குநர் எங்கே வந்தார்? பெற்றோர் சிலரிடமும் "படம் பிடிக்காமல் உங்கள் சார் பிரச்சினை செய்கிறார்" என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "சினிமா என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் சார் செய்யும், விடுங்கள்" என்கிறார். அவரிடம் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அது திருட்டுப் பிரதிதானே, போலீசில் சொல்லட்டுமா என்று கேட்டதும் குரல் மாறியது. "சொல்லுங்கள் சார், அழைத்து வந்து உட்காரவைத்தது நீங்கள். யார் முதலில் பதில் சொல்வார்கள் என்று பார்க்கலாம்." ஆசிரியர் வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சு! 2023இல் திருத்திய திரைப்படச் சட்டத்தின்படி இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். பென்டிரைவ் யாருடையது, காசு வாங்கியது யார் என்று விசாரிக்கிறவர்கள் விசாரிக்கட்டும். அன்றிலிருந்து என் எண்ணை முடக்கிவிட்டார். வாட்ஸ்அப்பில் அவர் படமும் தெரிவதில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "திரையிடல் தொடங்கிய பின் நன்கொடை திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. நன்கொடை என்று எழுதியதன் காரணம் இதுதான். வரியாவது மண்ணாவது.

பெற்றோருக்கு என் கையிலிருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டேன். 8,280 ரூபாய் ஒரே தவணையில் முடியாது, முடிந்தவரை கொடுக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ரசீதில் நன்கொடை என்ற சொல் வந்தாலே எழுந்து போய்விடுங்கள். இடத்தைப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். படத்தைத் திரையிட உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். காவலூரிலிருந்து ஆள் வருகிறார் என்றால் வானாய்வகத்திலேயே விசாரியுங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் மனு எழுதிவிட்டேன்.

அடுத்து பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் பக்கம் போகப்போவதாகக் கேள்வி. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீதின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே மனுவில் சேர்ந்துகொள்ள முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன்.