685 டாலர் போனது, பழைய டிஸ்போசல் நன்றாக ஓடுகிறது

அரை மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் கராஜில், மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிக் கழற்றிப் போட்ட பழைய டிஸ்போசலின் (சிங்குக்கு அடியில் மாட்டி, சாப்பாட்டுச் சக்கையை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பும் மெஷின்) பிளக்கைச் செருகிப் பார்த்தோம். ஓடியது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதை மாற்றுவதற்காக வெள்ளிக்கிழமை நான் கொடுத்தது 685 டாலர். டல்லாஸ் பக்கம் இருக்கிற நம்மவர்கள் வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்று உடனே எழுதுகிறேன். டிஸ்போசலை எப்படிப் பார்த்துக்கொள்வது, ரிப்பேருக்கு ஆளை எப்படிப் பிடிப்பது எல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. நாற்பது பேர். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். புளியோதரைக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலமே புளி கரைத்து, சக்கையை சிங்கில் கொட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டால் 'உம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. என் கணவர் வேலை விஷயமாக வெளியூரில். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் தேடினேன். பெயர் சொல்லவில்லை, அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. வந்து பார்க்க 49 டாலர், வேலையை அவர்களிடமே கொடுத்தால் அது கழிந்துவிடும் என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். வாசலிலேயே, யாரும் சொல்லாமல், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இந்த ஊரில் வேலைக்கு வருகிற யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா டீ கொடுத்தார், கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அம்மா என்னிடம், "நல்ல பிள்ளையா தெரியுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் செய்ததுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. சுவிட்சைப் போட்டு அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு நின்றார். 'உம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சூட்டு வாசனை வந்தது. "வாசனை வருகிறதா? மோட்டார் எரிந்துவிட்டது" என்றார். அதோடு சத்தமும் நின்றுவிட்டது. மறுபடி சுவிட்சைப் போட்டுக் காட்டினார், ஒன்றுமே இல்லை. "பாருங்கள், முடிந்துவிட்டது." என் கண் முன்னால் நடந்தது, எப்படி நம்பாமல் இருப்பேன்?

இன்றைக்குத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. டிஸ்போசலுக்குள் நாம் நினைப்பதுபோல பிளேடு கிடையாது. சுழலும் தட்டின் மேல் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கும். தட்டு சுற்றும்போது அவை சக்கையைத் தள்ளிப்போய், சுற்றிலும் இருக்கிற பல்வளையத்தில் வைத்துத் தேய்க்கும். இடுக்கில் கெட்டியாக ஏதாவது மாட்டினால் தட்டு நின்றுவிடும், மோட்டார் மட்டும் முக்கும். அப்படியே விட்டால் சூடாகி, எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். ஆறியதும் அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சரி. பாதுகாப்புக்காக நின்றதைத்தான் செத்துவிட்டது என்று அந்த ஆள் எனக்குக் காட்டியிருக்கிறான். வேண்டுமென்றேதான் சூடாக்கினான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியிலேயே புதிது ஒன்று தயாராக இருந்தது. முக்கால் குதிரைத்திறன் என்றான். மெஷின், கூலி, புது பிளக் ஒயர் எல்லாம் சேர்த்து 725. செயலியில் கட்டாமல் வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் 40 குறைக்கிறேன் என்றான். மறுநாள் நாற்பது பேர் வருகிறார்கள், மணி ஒன்பது ஆகிவிட்டது. போனிலேயே 685 டாலரை அனுப்பினேன். பழையதையும் தானே எடுத்துப்போகிறேன் என்று தூக்கினான். அம்மாதான், "அதுல செம்பு இருக்கும், சும்மா எதுக்குக் குடுக்க?" என்று வாங்கி கராஜில் வைக்கச் சொன்னார்.

வளைகாப்பு முடிந்து சனிக்கிழமை இரவு டிஷ்வாஷரைப் போட்டால் அழுக்குத் தண்ணீர் அடியிலேயே தேங்கி நிற்கிறது. புது டிஸ்போசலில் டிஷ்வாஷர் குழாய் சேரும் இடத்தில் ஒரு அடைப்பு இருக்குமாம், அந்தக் குழாயை மாட்டும் முன் அதைத் தட்டி எடுக்க வேண்டுமாம். அதைக்கூடச் செய்யவில்லை. சிங்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகி அலமாரிப் பலகை ஊறிப்போயிருக்கிறது. டார்ச் அடித்து லேபிளைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன். கடையில் 100 டாலரை ஒட்டிக் கிடைக்கிற சின்ன மெஷின். அதற்கு 685 டாலர்!

ஞாயிறு காலையில் கூப்பிட்டேன். "நாளை வருகிறேன்." திங்கட்கிழமை கூப்பிட்டேன். "வெளியூரில் இருக்கிறேன்." அதற்கப்புறம் ஒரே ஒரு ரிங் போனதும் வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. ஊருக்குத் திரும்பிய என் கணவர் தன் எண்ணிலிருந்து அடித்தபோது எடுத்தான், எங்கள் தெருப் பெயரைச் சொன்னதுமே வைத்துவிட்டான். செயலிக்காரர்களிடம் எழுதினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஆனால் ஒரே பதில்: "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், பணம் வெளியே கட்டப்பட்டதால் எங்கள் உத்தரவாதம் பொருந்தாது." அவன் முழுப் பெயரையாவது கொடுங்கள் என்றால் தரமாட்டார்களாம். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், திருப்ப முடியாது என்கிறார்கள். டெக்ஸஸில் ஜஸ்டிஸ் கோர்ட் என்கிற, சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம். யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு முதல் பெயரும், எடுக்காத போன் எண்ணும்தான்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். பழையதைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் நடுவில் இருக்கிற ஓட்டையில் கால் அங்குல ஆலன் கீயை (ஆறு பக்கமுள்ள, L மாதிரி வளைந்த கம்பிச் சாவி) செருகி இரண்டு பக்கமும் ஆட்டினார். டக் என்று ஒரு புளியங்கொட்டை கீழே விழுந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார், பிளக்கைச் செருகினார். ஐந்து நிமிட வேலை. அம்மா அந்தக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னால்தானே என்று அழுகிறார். அவரைச் சமாதானப்படுத்துவதா, இந்த 685 டாலரை நினைப்பதா என்று தெரியவில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், முடியவில்லை, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். சத்தம் மட்டும் வந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள், பிரேக்கரையும் அணைத்துவிட்டு ஆலன் கீயால் திருப்பிப் பாருங்கள். கையை உள்ளே விடவே விடாதீர்கள். முருங்கைச் சக்கை, வாழைத்தண்டு நார், புளிச்சக்கை, மிஞ்சின சோறு, இதெல்லாம் குப்பைக்கூடைக்குத்தான். பிளம்பர் என்று வந்தால் உரிம எண்ணைக் கேட்டு, பிளம்பர்களுக்கு உரிமம் தருகிற மாநில வாரியத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எவ்வளவு குறைக்கிறேன் என்றாலும் வங்கியிலிருந்து நேராக அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கழற்றிய பழைய மெஷினைக் கொடுத்தனுப்பாதீர்கள். அம்மா அன்றைக்கு வாங்கி வைக்காமல் இருந்திருந்தால் அது எரியவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது.