மொழிபெயர்ப்பு அலுவலகம்: படி செங்குத்து, வேலை சுத்தம்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் காகித வேலை மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். செஞ்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கிறது இந்த மொழிபெயர்ப்பு அலுவலகம். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். 82 வயதுப் பெரிய ஆயாவை மேலே ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு நட்சத்திரத்தை அந்தப் படிக்காகவே குறைத்துவிட்டேன்.

பெரிய ஆயா என் ஆயாவின் அக்கா. அவர் வீட்டுக்காரர் சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். தாத்தா 1953இல், 19 வயதில் சேர்ந்தாராம். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரான்ஸுக்கு எதிரான விடுதலைப் போரும் தொடங்கியது. இந்தப் பக்கம் நம் ஊர் விடுபட்டுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் விடுபடக் கிளம்பியவர்களை அடக்க நம் ஊர்க்காரர் ஒருவர் துப்பாக்கி தூக்கியிருக்கிறார். சண்டையைப் பற்றித் தாத்தா வாயே திறந்ததில்லையாம். அல்ஜீரியாவில் பனி கொட்டும் என்று மட்டும் சொல்வாராம், அதையும் தெருவில் யாரும் நம்பவில்லையாம்.

ஜூலை 14 அன்று கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பதக்கம் குத்திக்கொண்டு நிற்கும் பெரியவர்களைப் பார்த்துச் சின்ன வயதில் கைதட்டியிருக்கிறேன். இப்போது 22 வயது, கை எழும்பவில்லை. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் வந்து, எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் பாதிப் பேர் சண்டைக்குக் கச்சை கட்டிக்கொண்டு நின்றபோது குழுவையே மியூட் செய்துவிட்டேன். எந்தச் சண்டைக்கும் ஆதரவாக என்னிடமிருந்து ஒரு ஸ்டேட்டஸ்கூட வராது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, தாத்தாவின் பென்ஷனிலிருந்து வந்ததுதான்.

சரி, அலுவலகத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளருக்கு அறுபது வயது இருக்கும். எல்லாரும் முசே (பிரெஞ்சில் ஐயா) என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரிய ஆயாவின் 1961ஆம் வருடத் திருமணப் பதிவில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பழைய பிரெஞ்சுக் காகிதத்தில் 'உ' ஒலிக்கு இரண்டு எழுத்து, ஆதாரில் ஒன்று. முசே பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் முக்கால் மணி நேரம் பார்த்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் பென்ஷன் படிவம். தாத்தாவின் ஓய்வூதியத்தில் பாதி பெரிய ஆயாவுக்கு வருகிறது. மறுமணம் செய்யவில்லை, யாருடனும் சேர்ந்து வாழவில்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். முசே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். "எண்பத்திரண்டு வயசுல எவன் வரப்போறான்னு எழுது முசே" என்றார் பெரிய ஆயா. "அதுக்குக் கட்டம் இல்லைங்களே ஆயா."

அந்த 1961ஆம் வருடக் காகிதம் இல்லாவிட்டால், எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் ஒரு காசு வந்திருக்காது. பிரான்ஸில் 1999 முதல் பாக்ஸ் என்று, கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவு செய்துகொள்ளும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோகூடச் செய்துகொள்ளலாம். ஆனால் துணை இறந்தால் இந்த பென்ஷன் கிடையாது, அதற்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். 'சேர்ந்துதான் இருக்கிறார்களே, கல்யாணம் வேறு எதற்கு' என்று கேட்பவர்களை இந்த அலுவலக பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

இரண்டாவது வேலை அதைப் பற்றியதுதான். பெரிய ஆயாவின் பேரன், எனக்கு அண்ணன் முறை, பாரிஸ் பக்கம் இருக்கிறான். அவன் கட்டிக்கொள்ளப்போவது கடலூர்ப் பையன் ஒருவரை. (பெயர் போடாமல் எழுது என்று அண்ணனே சொன்னான்.) ஒரே பாலினத்தவர் கல்யாணம் செய்துகொள்ள அங்கே 2013 மே மாதம் சட்டம் வந்துவிட்டது. ஒருவருடைய சொந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இன்னொருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் போதும். இங்கே 2023 அக்டோபர் 17 அன்று அதே விஷயத்தில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கல்லூரி கேன்டீனில் செல்போனில் பார்த்தேன். திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. டீ ஆறிப்போனது.

அந்தக் கடலூர்ப் பையனின் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் போட வேண்டும். பெஞ்சில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். எதற்கு என்று முசே கேட்டதும், குரலைத் தாழ்த்தி "கல்யாணத்துக்கு" என்றேன். பெண் யார் என்று கேட்டார். பெண் இல்லை, எங்கள் அண்ணன் என்றேன். முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்பா பேர்ல வெறும் இனிஷியல் இருக்கே பாப்பா, விரிச்சு எழுதணும். முழுப் பேர் தெரியுமா?" அவருடைய கவலை அவ்வளவுதான்.

ஒரு விஷயம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு போடுவது), பிறகுதான் மொழிபெயர்ப்பு. முத்திரையில் இருப்பதையும் மொழிபெயர்க்க வேண்டுமே. மாற்றிச் செய்தால் இரண்டு தடவை செலவு. பக்கத்துக்கு 800 ரூபாய் வாங்கினார். ஜிபே கிடையாது, ரொக்கம்தான். மூன்று நாள் என்று சொல்லி ஆறு நாள் ஆக்கினார், அதற்கு அரை நட்சத்திரம் போகட்டும். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இறங்கும்போது பெரிய ஆயா பாதிப் படியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று பயந்தேன்.

"அந்தப் பையன் கடலூர்ல எங்க? முதுநகரா, திருப்பாதிரிப்புலியூரா?"

முதுநகர் என்றேன்.

"அப்ப மீன் குழம்பு வைக்கத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.