பெரிய திரையா, சின்னத் திரையா: திருமுருகனின் இரண்டு பாதைகள்

இயக்குநர் ஒருவருக்கு எது நல்லது, சினிமாவா, தொடரா? திருமுருகன் இரண்டையும் செய்து பார்த்தவர். 2002-இல் சன் டிவியில் தொடங்கிய 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டி ஓடியது. 2006-இல் 'எம் மகன்' என்ற படம் வந்தது.

இரண்டிலும் அப்பாதான் மையம். தொடரின் அப்பா ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சம்பந்தி வீட்டுத் திண்ணையிலும் கூனிக் குறுகி உட்காருகிறார். அந்தக் குறுகலுக்கு ஒரு வாரம் முழுக்க நேரம் உண்டு. படத்தில் நாசர் மளிகைக் கடைக்காரர். வளர்ந்த மகனைக் கைநீட்டி அடிக்கிற முரட்டு அப்பா. அவர் யார் என்பது சில காட்சிகளிலேயே புரிந்துவிட வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம்தானே.

படத்தின் விதி முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தொடருக்கு அந்தப் பரீட்சை வாராவாரம், டி.ஆர்.பி. சரிந்தால் கதையே திசை மாறும். ஆனால் பழகிய முகங்கள் தினமும் வீட்டுக்கு வருகிற உரிமை சினிமாவுக்கு வாய்க்காது.

2008-இல் இன்னொரு படம் எடுத்தபின், 2010-இல் 'நாதஸ்வரம்' தொடருக்கு வந்தார். அதன் 1000-ஆவது பகுதியை 2014-இல் வெட்டே இல்லாமல், ஒரே ஷாட்டில் நேரலையாக 20 நிமிடங்களுக்கு மேல் காட்டினார். ஒருவர் வசனம் மறந்திருந்தால்கூட மொத்தமும் போயிருக்கும். என் ஓட்டு சின்னத் திரைத் திருமுருகனுக்குத்தான், அழுகைக் காட்சிகளை இழுத்தது போக.