ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டில் வேகம் எங்கே இருக்கிறது: சில சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு

பாயரோ சிசிஎம்மோ, எந்தப் பிராண்டாக இருந்தாலும் உச்ச விலை ஸ்கேட்டை வாங்கிவிட்டால் வேகம் தானாக வரும் என்று நம்புபவர்கள் சீக்கிரமே ஏமாறுகிறார்கள். பூட்ஸ் விறைப்பாக இருந்தால் கால் தள்ளும் விசை வீணாகாது, அது உண்மைதான். ஆனால் ஐஸைத் தொடுவது சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள பிளேடு மட்டும். அதற்கு எப்படிச் சாணை பிடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் கால் முதலில் உணரும்.

பிளேடின் அடியில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு ஹாலோ என்று பெயர். ஆரம் அரை அங்குலம் என்றால் பள்ளத்தின் ஆழம் வெறும் 0.09 மி.மீ. 3/8 அங்குலத்தில் 0.12; 5/8-இல் 0.07. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் ஆட்டமே மாறிவிடும். 3/8-இல் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பலாம், வளைவில் கால் நழுவாது. பதிலுக்கு, தள்ளாமல் சறுக்கும்போது வேகம் சீக்கிரம் இறங்கும், தொடை எரியும், திடீரென நிறுத்தினால் பிளேடு தடதடக்கும். 5/8-இல் சறுக்கல் சுகம்; உடல் எடை குறைந்தவருக்குக் கெட்டி ஐஸில் பிடிப்புப் போதாது. எடை கூடியவரும், ஐஸ் இளகலாக இருக்கும் அரங்கில் ஆடுபவரும் தயங்காமல் 5/8-க்குப் போகலாம். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 1/16 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளைவு ராக்கர். 9 அடி ஆரத்திலிருந்து 11 அடிக்கு மாறினால் ஐஸைத் தொடும் நீளம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். நேர் ஓட்டம் தள்ளாட்டமில்லாமல் நிலைப்படும், திருப்பம் மந்தமாகும். நேர் ஓட்டத்துக்காக மட்டும் ராக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2016-இல் என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) ஆல்-ஸ்டார் வேகப் போட்டியில் டிலன் லார்கின் என்ற வீரர் ஒரு சுற்றை 13.172 வினாடியில் முடித்தார், அதுவும் ஓடிவந்து கோட்டைத் தாண்டி. 200 அடிக்கு 85 அடி தளத்தில், பத்துப் பேர் குறுக்கே நிற்கும் ஆட்டத்தில் அப்படி ஓட யாருக்கும் வழி கிடைக்காது. முதல் நாலு தள்ளுதான் கணக்கு. அதனால் முன்பக்கம் சின்ன ஆரம், பின்பக்கம் பெரிய ஆரம் என்று கலந்து செதுக்கும் புரொஃபைல் காசுக்குத் தகும்.

நாள்பட வரும் கோளாறு பெரும்பாலும் சாணைக்கல்லால் வருவது. முனையிலும் குதிகாலிலும் இரும்பு அதிகமாகத் தேய்ந்து ராக்கர் மாறிவிடும். பள்ளத்தின் இரண்டு விளிம்பில் ஒன்று உயர்ந்துவிட்டால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் கால் வழுக்கும். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, விளிம்புகள் மேல் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள்; பிளேடுக்கு நேர்செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தள்ளும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் பிளேடோ, அதைத் தாங்கும் ஹோல்டரைப் பூட்ஸோடு இணைக்கும் ரிவெட்டோ தளர்ந்திருக்கிறது.

பூட்ஸ் விஷயத்தில் அளவு ஒன்றுதான் முக்கியம். வழக்கமான ஷூ அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை குறைத்து எடுக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை உரசணும், முழங்காலை மடக்கினால் விலகணும். குதிகால் தூக்கினால் எந்த பிளேடும் உதவாது. பூட்ஸைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் பொருத்தும்போது லேஸைப் பக்கவாட்டில் இழுத்தால் கண்ணிகள் பிய்ந்துவிடும், முன்னோக்கியே இழுங்கள். கணுக்கால் முன்னே மடங்க மறுத்தால் மேல் கண்ணியை விட்டுவிட்டு லேஸ் கட்டிப் பாருங்கள்.

பட்ஜெட் இடித்தால், நடுத்தர விலை பூட்ஸும், பிளேடைக் கழற்றி மாட்டும் ஹோல்டரும், கூடுதலாக ஒரு ஜோடி பிளேடும் போதும்.