நாலு கால் ஸ்டிக்கும் குன்னூர் சரிவும்: 14 மாத அனுபவம்

கோத்தகிரி நண்பர் போன வாரம் போன் செய்தார். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது, வாக்கருக்கு அடுத்து நாலு கால் ஸ்டிக் (ஒரே கைப்பிடி, அடித்தட்டில் நாலு குட்டிக் கால்) பிடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்கதான் ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" அன்று காலைதான் நான்காவது முறையாக என் ஸ்டிக்கின் கால் நுனிகளுக்கு ரப்பர் புஷ் மாற்றியிருந்தேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை.

எனக்கு உடைந்தது இடது தொடை எலும்பு. நடக்கப் பழகியது கோவையில், அக்கா வீட்டில் தங்கி. அங்கே இந்த ஸ்டிக்கை ஒரு குறை சொல்ல முடியாது. பிசியோ தம்பி என்னைச் செருப்போடு நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடிப்புக்கு நேராகப் பிடி வரும்படி உயரம் வைத்தார். வலி இடது காலில், ஸ்டிக் வலது கையில். இதற்கே அவரோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். "இடது கால்ல நிக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாருங்க சார்" என்றார். வலது பக்கம்தான் இறங்கியது. வாயை மூடிக்கொண்டேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஸ்டிக்கும் உடைந்த காலும் முதலில் என்பதும் அவர் பாடம்தான். மொசைக் தரையில் மூன்று வாரம் ராஜநடை.

அப்புறம் ஊருக்கு வந்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில், செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் போட்டு, 1899 முதல் கடித்துப் பிடித்து ஏற்றுகிறார்கள். சக்கர நாற்காலிக்குக் கட்டும் சாய்தளத்துக்கும் 12க்கு 1தான் கணக்கு. எங்கள் வீட்டுச் சந்தின் சரிவை மட்டப் பலகை வைத்து அளந்தேன், 7க்கு 1. ரயிலுக்குப் பல் சக்கரம், எனக்கு நாலு ரப்பர்.

இந்தச் சரிவில் ஸ்டிக்கை நேராகப் பிடித்தால் முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். நாலும் தரையில் படட்டும் என்று வைத்தால் ஸ்டிக் பள்ளத்தைப் பார்த்துச் சாயும், கூடவே நானும். எடையைப் போட்டதும் 'டக்' என்று முன்னால் கவிழ்ந்து உட்காரும் பாருங்கள், அந்த ஒரு 'டக்'குக்குத்தான் 14 மாதமாக என் வயிறு கலங்குகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக்கும் பிடிக்க வேண்டும். என் இடது தொடைக்கு அப்போது அதுதான் வராத வித்தை.

நான் இறங்குவது நடந்து, ஏறுவது ஆட்டோவில். அதனால் பின்பக்கப் புஷ் இரண்டும் தேய்ந்து அலுமினியம் எட்டிப் பார்க்கும், முன்பக்கம் இரண்டும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட்டும் பார்த்தேன், கொஞ்ச நாள் ஓடியது. ஐப்பசி மழையில் படியெல்லாம் பாசி பிடித்தபோது எந்த ரப்பரும் ஓடவில்லை. படியில் இன்னொரு தொல்லை, அடித்தட்டு முழுசாக அடங்காது. பக்கவாட்டில் திருப்பி, நண்டு மாதிரி இறங்க வேண்டும்.

நியாயமாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். டீக்கடையில் இரண்டு கையும் விட்டுச் சில்லறை எண்ணலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தால், இருட்டில் கையை நீட்டிய இடத்தில் இருக்கும். ஒற்றைக் கால் ஸ்டிக்கைக் கட்டிலுக்கு அடியில் துழாவியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வீட்டுக்குள் மட்டும் நடப்பவருக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

நண்பரின் மாமியாரும் இப்போதைக்கு வீட்டுக்குள்தான் நடக்கப் போகிறார். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் "வாங்காதீங்க, தண்டம்" என்றுதான் வாயில் வந்தது. பிறகு, எதற்கும் பிசியோவையே கேளுங்கள் என்று சமாளித்தேன்.

"அப்ப உங்களுது சும்மாதானே கிடக்கும், குடுங்களேன்" என்றார்.

தர முடியாது என்றுவிட்டேன். இப்போதுதான் புஷ் மாற்றியிருக்கிறேன்.