பிஸ்டன் இல்லாமல் போகாதீர்கள்: கணபதி லேத் பட்டறையும் என் சித்தப்பாவின் புல்லட்டும்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பட்டறைக்கு நான் முதலில் வந்தது போன வருடம் மார்ச் மாதம். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில், காலடியில் ஒரு சாக்குப் பையோடு. பைக்குள் 1981 மாடல் புல்லட் 350-இன் பேரல், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர். தேய்ந்த உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க, அதாவது போர் அடிக்க, எடுத்து வந்தேன். முழு வார்ப்பிரும்பு. கோயம்புத்தூர் உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துக் கணபதி வந்து, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் இந்தச் சந்துக்கு நடப்பதற்குள் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கி வந்தேன். பட்டறைக்காரர் பேரலை வாங்கி மேஜைமேல் வைத்தார். உள்ளே கட்டை விரலால் ஒரு தடவு தடவினார். அப்புறம் கேட்டார்: "பிஸ்டன் எங்கங்க தம்பி?"

"போர் பண்ணின பிறகு அந்த அளவுக்கு வாங்கிக்கலாம்னு இருந்தேனுங்ணா."

"அப்படிப் பண்ணக் கூடாதுங்க. பிஸ்டனைப் பாத்துத்தான் போர் அடிக்கோணும். பெட்டி மேல போட்டிருக்கற சைஸை நம்பி நான் மிஷின் ஓட்டறதில்லை."

இந்த ஒரு பேச்சுக்காகவே நான் இவரிடம் தங்கிவிட்டேன். அதற்கு முன் வேறு ஊரில் ஒரு இடத்தில் விசாரித்தபோது, பேரலைப் பார்க்காமலே "நாளைக்கு வாங்கிக்கோங்க, ஒரு சைஸ் ஏத்தி அடிச்சு வைக்கறோம்" என்றார்கள். எந்த சைஸ், எதற்காக என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

எனக்கு இன்ஜின் வேலை தெரியாது. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை. ஸ்க்ரூ கேஜும் வெர்னியரும் கையில் பழக்கம், அவ்வளவுதான். வண்டி சித்தப்பாவுடையது. வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸில் இருந்த காலத்தில் வாங்கி, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் வாரம் தவறாமல் ஏறி இறங்கியது. ஓய்வு பெற்ற பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் நின்றது. கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. போன வருடம் அவருக்கு முட்டி அறுவைச் சிகிச்சை ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நான் ஸ்பேனரை எடுத்தேன்.

முதல் முறையாக ஒரு பழைய இன்ஜினைப் பிரிக்கப் போகிறவர்களுக்குப் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டைத்தான் கைகாட்டுவேன். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இந்த 350-இன் அடிப்படை மாறவில்லை. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே அமைப்பு ஓடியதால் பாகம் கிடைக்காமல் யாரும் நிற்பதில்லை. கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. இன்ஜினை மட்டும் இறக்கி ஒரு பழைய மேஜையில் வைத்து வேலை செய்யலாம். ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, இரண்டு புஷ்ராட். எதை எடுத்தாலும் அது எதற்காக இருக்கிறது என்று கண்ணாலேயே புரிந்துகொள்ள முடியும். ஒன்று மட்டும்: பழைய வண்டியில் மெட்ரிக் ஸ்பேனர் எல்லா நட்டிலும் உட்காராது. உட்காராததை வைத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அதற்கான ஸ்பேனரை வாங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஆனால் இரண்டு வேலை வீட்டில் முடியாது. சிலிண்டர் போரிங், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கட்டுவது. இவை இரண்டும் சரியாக அமைந்தால் மீதி எல்லாம் பொறுமை. இவை தப்பினால் மீதி எல்லாம் வீண். அதனால்தான் இந்தப் பட்டறையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

அன்றைக்கு பிஸ்டன் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும், அளவு மட்டும் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என மூன்று ஆழத்தில், ஒவ்வொரு ஆழத்திலும் முன்பின்னாக ஒரு முறை, இட வலமாக ஒரு முறை. ஆக ஆறு எண்கள். என்னையே நோட்டில் எழுதச் சொன்னார். கீழே 70.52, மேலே முன்பின்னாக 70.68, இட வலமாக 70.60. எப்போதோ ஒரு முறை 70.50-க்கு போர் அடித்திருக்கிறார்கள் என்று கீழ் அளவைப் பார்த்தே சொன்னார். மேல் பகுதி ஏன் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். ரிங் திரும்புகிற இடம் அதுதான், சூடு அதிகம், ஆயில் குறைவு என்றார். முன்பின்னாக ஏன்? பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கன் ராட் சாய்ந்து தள்ளும்போது பிஸ்டன் சாய்கிற பக்கம் அது. பதினைந்து வருடம் பசங்களுக்கு ஸ்க்ரூ கேஜ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நூறில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கதையைச் சொல்லும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப 70.75 போதாதுங்களா?"

"தேய்மானம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்குதுங்க. முக்காலுல அடிச்சா அந்தப் பக்கம் சுத்தமா வராது. 71-க்கு பிஸ்டன் வாங்கிட்டு வாங்க."

வாங்கிக்கொண்டு போனேன். பிஸ்டனின் ஸ்கர்ட்டை, அதாவது அடிப்பகுதியை, மைக்ரோமீட்டரில் அளந்து, பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்த கிளியரன்ஸை அதோடு கூட்டி, அந்த அளவுக்கு போர் அடித்து, கடைசி இழையை ஹோனிங்கில், அதாவது கல்லால் தேய்த்து, எடுத்தார்கள். கிளியரன்ஸ் என்பது பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, ஒரு தலைமுடிப் பருமன். அது குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சத்தமும் புகையும். உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், பாய் முடைந்தது போல. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும்.

கிராங்க் வேலையை முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கன் ராடை மேலும் கீழும் ஆட்டியபோது டக் டக் என்று அடித்தது. பிக் எண்ட், அதாவது கன் ராட் கிராங்க்கோடு சேரும் முனை, போய்விட்டது. புது கன் ராட் கிட் போட வேண்டும். பழையபடி ஃப்ளோட்டிங் புஷ் போடுவதா, ரோலர் பேரிங்குக்கு மாற்றுவதா என்று கேட்டார். இரண்டையும் விளக்கிவிட்டு, "ஆயில் பம்ப் நல்லா இருந்தா புஷ்ஷே போதுமுங்க, நீங்க ரேஸ் ஓட்டப் போறதில்லையே" என்றார். விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

கிராங்க்கின் இரண்டு ஃப்ளைவீலையும் புதுப் பின்னில் சேர்த்து நட்டை இறுக்கிவிட்டு லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டினார். இரு பக்க ஷாஃப்டிலும் டயல் கேஜ். கையால் மெதுவாகச் சுற்றினார். முள் பன்னிரண்டு கோடு ஆடியது. ஒரு கோடு நூறில் ஒரு மில்லிமீட்டர். எந்த இடத்தில் முள் உச்சிக்குப் போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. வெளியே எடுத்து, அந்தப் புள்ளியில் செம்புச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. எனக்கு நெஞ்சு பதறியது. மறுபடி சென்டரில் மாட்டினார். ஒன்பது கோடு. இன்னொரு அடி. ஆறு. அடுத்த அடி கொஞ்சம் கூடிப்போய் மறுபக்கம் எட்டு. யாரும் பேசவில்லை. ரேடியோவைக் கூட அணைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இது நடந்தது. முள் இரண்டு கோட்டுக்குள் வந்து நின்றதும் அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு சுத்து சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன். முள் லேசாகத் துடித்தது, அவ்வளவே. நாலு கோட்டோடு கொடுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரியும் என்பதால் விடவில்லை.

வால்வு வேலையையும் இங்கேயே கொடுத்தேன். கைடு மாற்றி, சீட் வெட்டிக் கொடுத்தார்கள். லேப்பிங்கை, அதாவது வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருந்த வைப்பதை, வீட்டில் நானே செய்தேன். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தேன், ஒழுகவில்லை.

இனி அரை மதிப்பெண். நான்கு நாள் என்று சொன்ன வேலை பன்னிரண்டு நாள் ஆனது. அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நல்ல கை இருக்கும் இடத்தில் கூட்டம் இருக்கும். ஆனால் எட்டாம் நாள் வரைக்கும் போனை எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து லீவு போட்டு வருகிறவனுக்கு அது கஷ்டம். பில் என்று எதுவும் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். போரிங், ஹோனிங் 900 ரூபாய், கிராங்க் கூலி 1,800, வால்வு வேலை 700. கூலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முக்கியமான குறை வேறு. பேரலை டீசலில் துடைத்து அப்படியே கையில் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தேன், துணி சாம்பல் நிறமாக வந்தது. ஹோனிங் கல்லின் பொடி. டீசல் அதைக் கோடுகளிலிருந்து எடுக்காது. அதோடு இன்ஜினைக் கட்டினால் ஆயிலோடு கலந்து புது ரிங்கையும் புது புஷ்ஷையும் அரம் போல அரைத்துவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பிரஷ் வைத்து நான்கு முறை கழுவிய பிறகுதான் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. கழுவி முடித்துத் துண்டை எடுத்து வருவதற்குள் உள்சுவரில் லேசான செம்பழுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. வார்ப்பிரும்பு அப்படித்தான். உடனே துடைத்து ஆயில் பூசிவிட வேண்டும். பழைய மெக்கானிக்குகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. என்னைப் போல முதல் முறை வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று அடுத்த முறை போனபோது நேரிலேயே சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த பிறகும் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரிங்கைத் தனியாக போரில் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தபோது ஒரு ரிங் மட்டும் இறுக்கமாக இருந்தது. போட்டோ அனுப்பினேன். மெல்லிய அரத்தில் ஒரே திசையில் நாலு இழுப்பு, ஓரத்துப் பிசிரை எடுக்க மறக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கும் முன்னால், இன்ஜினைப் பிரிக்கிற நேரத்தில் டைமிங் பக்கம் ஆயில் பம்பை ஓட்டும் வோர்ம் நட் கழலாமல் நின்றது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் அசையவில்லை. போன் செய்தேன். "கையை எடுங்க தம்பி, அது இடது மரை" என்றார். மறுபக்கம் திருப்பியதும் வந்துவிட்டது. கிராங்க் முனையின் மரையைக் காப்பாற்றிய போன் அது.

மீதியை வீட்டில் கட்டினேன். கேம் பினியன்களின் புள்ளிகளைப் புள்ளிகளோடு சேர்த்து, டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, புஷ்ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்கிற அளவில் வைத்து, பாயிண்ட் இடைவெளியை 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் விட்டேன். பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது அறுபது கிக் அடித்து, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, ஆயில் கசிந்து வரும்வரை காத்திருந்தேன். அது வராமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஸ்டார்ட் செய்த அன்று சித்தப்பா வாக்கரோடு வாசலுக்கு வந்து நின்றார். "கண்ணு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாரு. நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷரை அமுக்கிக் கொஞ்சமா இறக்கு. அப்புறம் முழுசா ஒரு மிதி." மூன்றாவது மிதியில் பிடித்தது. முதலில் புகை. ஒரு நிமிடத்தில் அது தெளிந்து, அந்தப் பழைய டக், டக், டக். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. டேங்க்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது 640 கி.மீ. ஓடியிருக்கிறது. முதல் 500-ஐ 45 வேகத்துக்கு மேல் போகாமல் ஆழியாறு வரை போவதும் வருவதுமாகவே ஓட்டினேன். ஹெட் நட்டை ஒரு முறை மறுபடி இறுக்கினேன், ஆயில் இரண்டு முறை மாற்றினேன். முதல் ஆயிலில் மினுக்கும் தூள் கொஞ்சம் இருந்தது, இரண்டாவதில் இல்லை. புகை இல்லை. ராக்கர் கவரில் ஒரு சொட்டுக் கசிவு, அது என் பேக்கிங் வேலையில் உள்ள குறை. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை மலை ஏறவில்லை. ஆயிரம் ஆகட்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு மேல் போங்கள், ஞாயிறு விடுமுறை. ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். மதியத்துக்கு மேல் போனால் அவர் லேத்தில் இருப்பார், பேச நேரம் கிடைக்காது. பேரலோடு பிஸ்டன், பின், ரிங் எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோங்கள். ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். அளவைச் சொல்வார், நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.