எல்லாத்துக்கும் ஆறு இன்ச்சா? ட்ராயர், கதவுக் கைப்பிடி அளவுகள்: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் பின்கட்டு அடுப்படியில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸில் எந்தப் பூ என்று முடிவு செய்ய நாள் கணக்கில் யோசிப்பவர்கள்கூட, கைப்பிடி என்று வந்ததும் "எல்லாத்துக்கும் ஆறு இன்ச் போட்டுடுங்க" என்று ஆசாரியிடம் சொல்லிவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கை படுகிற பொருள் அது. அதை இவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது.

முதலில் ட்ராயரையும் கதவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கதவு கீலில் சுழல்கிறது. கீலிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்து இழுக்கிறோமோ அவ்வளவு லேசாகத் திறக்கும். கைப்பிடி நாலு அங்குலமோ பன்னிரண்டு அங்குலமோ, இழுக்கும் பலத்தில் பெரிய மாற்றம் இல்லை. ட்ராயர் நேராக வெளியே வர வேண்டியது. நடுவில் இழுத்தால் இரண்டு பக்கச் சேனலும் (ட்ராயர் ஓடும் தண்டவாளம்) சேர்ந்து நகரும். ஓரமாக இழுத்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு வர, மறுபக்கம் இடிக்கும். அகலம் கூடக் கூட இது அதிகமாகத் தெரியும். ஆக, ட்ராயருக்கு நீளம் முக்கியம், கதவுக்குப் பொருத்தும் இடம் முக்கியம்.

ட்ராயருக்கு உலகம் முழுக்க வழங்கும் கணக்கு, முகப்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 450 மி.மீ. அகல ட்ராயருக்கு 150 வரும். கடையில் கிடைக்கும் 128 அல்லது 160 சரியாக இருக்கும் (இந்த எண்கள் கைப்பிடியின் இரண்டு ஸ்க்ரூத் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி, மி.மீ.யில்). 600 மி.மீ.க்கு 192 அல்லது 224. 900 மி.மீ.க்கு 288 அல்லது 320. எல்லாவற்றுக்கும் 160, அதாவது கடையில் ஆறு இன்ச் என்று கொடுப்பதைப் போட்டால் என்ன ஆகும்? கரண்டி, கத்தி வைக்கும் ட்ராயருக்கு ஒன்றும் ஆகாது. கீழே குக்கரும் பித்தளைத் தவலையும் அடுக்கியிருக்கும் 900 மி.மீ. ட்ராயரில்தான் சிக்கல். அதை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தோன்றும், 160இல் இரண்டு கைக்கு இடம் இருக்காது. அதற்காக ஏழு விதமான அளவு வாங்கினால் அடுப்படி ஹார்டுவேர் கடை மாதிரி ஆகிவிடும். ஒரே டிசைனில் இரண்டு அளவு, சிறியதற்கு 160, பெரியதற்கு 320. என் தேர்வு இதுதான்.

அகல ட்ராயரில் நீளமாக ஒன்றா, சிறியதாக இரண்டா? பர்மா தேக்கு மேசைகளில் இரண்டு பித்தளை வளையம் தொங்குவது எவ்வளவு அழகு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமைக்கும்போது ஒரு கையில் கரண்டி இருக்கும். மிச்சமிருக்கும் கை ஏதோ ஒரு வளையத்தைப் பிடித்துக் கோணலாகத்தான் இழுக்கும். அடுப்படியில் நீளமாக ஒன்றே மேல். இரட்டை வளையத்தை வீட்டு முகப்பில் வைக்கும் மேசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. 96 மி.மீ. இருந்தால் நாலு விரலும் உள்ளே போகும். 64இல் இரண்டு, மூன்று விரல்தான். எண்ணெய்க் கையோடு கனமான ட்ராயரை இழுக்கும்போது அது போதாது. நீளத்தைப் பார்ப்பவர்கள் ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே 25 மி.மீ.க்குக் குறைந்தால், மோதிரம் போட்ட விரல் உரசும். 30 இருந்தால் நிம்மதி.

இனி, பலரையும் ஏமாற்றுகிற விஷயம். கடையில் "நாலு இன்ச்" என்று கொடுப்பது பெரும்பாலும் 96 மி.மீ. உண்மையான நாலு அங்குலம் 101.6. "ஆறு இன்ச்" என்பது 160ஆக இருக்கும். கணக்குப்படி ஆறு அங்குலம் 152.4 தான். மாடுலர் கைப்பிடிகளின் துளை இடைவெளி 32இன் மடங்காகப் போவதால் வரும் வித்தியாசம் இது: 96, 128, 160, 192 என்று. புதுப் பலகைக்குப் பரவாயில்லை. ஏற்கெனவே துளை போட்ட கதவுக்கு ஐந்து மி.மீ. விலகினாலும் கைப்பிடி உட்காராது. துளையின் நடுவிலிருந்து நடுவுக்கு டேப் பிடித்து, மி.மீ.யில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆங்கில 'T' வடிவக் கம்பிக் கைப்பிடியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துளை இடைவெளி 128 என்றால் மொத்த நீளம் 188 வரை வரும். இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குறுகலான பழைய அடுப்படியில் ஆச்சி திரும்பும்போது முந்தானை அதில் மாட்டும். முனை வளைந்து பலகையைத் தொடும் கைப்பிடியே வயதானவர்கள் புழங்கும் வீட்டுக்குச் சரி.

கதவுகளுக்கு வருவோம். சுவரில் மாட்டும் அலமாரிக் கதவுக்குக் கீழ் மூலையிலிருந்து இரண்டரை, மூன்று அங்குலம் மேலே. மேடைக்குக் கீழே உள்ள கதவுக்கு மேல் மூலையிலிருந்து அதே அளவு இறக்கி. இரண்டிலும் கீலுக்கு எதிர்ப்பக்கம். இங்கே 128 தாராளம். குமிழ் போடுவதாக இருந்தால் குறுக்களவு 30 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். அப்போதும் எனக்கு அடுப்படியில் குமிழ் பிடிக்காது. ஒரே ஸ்க்ரூவில் நிற்பதால் நாளடைவில் சுற்ற ஆரம்பிக்கும், ஈரக்கையில் வழுக்கும். பூஜை அலமாரிக்கும் கண்ணாடிக் கதவுக்கும் அது அழகுதான்.

கைப்பிடியே வேண்டாம் என்று அலுமினியப் புரொஃபைல் (பலகை ஓரத்தில் விரல் நுழையப் பள்ளம் விட்ட பட்டை) போடுபவர்களும் உண்டு. அளவுத் தொல்லை இல்லை, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் தாளிப்பு எண்ணெயும் தூசியும் அந்தப் பள்ளத்தில் படியும். மாதக்கணக்கில் பூட்டிவைத்து, விசேஷத்துக்கு வந்து திறக்கும் வீட்டுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். எட்டாத உயரத்து லாஃப்ட் கதவுக்கு மட்டும் சரி.

பழைய தேக்கு அலமாரிக்குக் கணக்கே வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கைப்பிடி தேடுவதாக இருந்தால், அலமாரியில் இருக்கும் துளைக்குப் பொருந்துவதை மட்டும் எடுங்கள். பொருந்தவில்லை என்றால், பழைய துளையை மறைக்கும் அளவுக்குப் பின்தகடு உள்ள வளையமாகப் பார்க்கலாம். அந்தத் தேக்கில் புதுத் துளை போட்டால் தடம் தெரியாமல் திரும்ப அடைப்பது கஷ்டம். போட்டே ஆக வேண்டுமென்றால் சட்டத்தில் போடச் சொல்லுங்கள். நடுப் பலகை மெல்லிசு, இழுத்து இழுத்து விரிசல் விடும்.

அப்புறம் ஸ்க்ரூ. கைப்பிடியோடு வருவது பெரும்பாலும் 25 மி.மீ. இருக்கும், 18 மி.மீ. பிளைவுட் கதவுக்கு அது போதும். ட்ராயரில் பெட்டியின் முன்பலகையும் முகப்பும் சேர்ந்து 36 வந்துவிட்டால் அது எட்டாது, 45 மி.மீ. ஸ்க்ரூவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.